குறைந்த விலையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார், பழைய சிறு விமானம்: நேரில் போய் எதைப் பார்ப்பது?

டல்லாஸ்வாசி

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி இரண்டு, சிக்கல் ஒன்றுதான். 12,000 டாலருக்குள் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும். எம்ஜிபி ரோட்ஸ்டர், போர்ஷே 944 இரண்டும் பார்வையில் இருக்கின்றன. என் மைத்துனர் விமானி உரிமம் வைத்திருக்கிறார். அவரோடு பங்கு சேர்ந்து 45,000 டாலருக்குள் ஒரு செஸ்னா 150 அல்லது பைப்பர் செரோக்கி 140 வாங்கும் யோசனையும் ஓடுகிறது. விளம்பரம் எல்லாவற்றிலும் "நன்றாக ஓடுகிறது" என்றுதான் போட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்தவுடன் திரும்பி வந்துவிட வேண்டும், எதைப் பொறுத்துக்கொண்டு விலை பேசலாம்?

பட்டறை_மணி

தம்பி, எம்ஜிபியில என்ஜினைக் கடைசியா பாருங்க. 1798 சிசி, இரும்பு பிளாக், பாகம் எல்லாம் இன்னைக்கும் புதுசா கிடைக்குது, யாரும் பிரிச்சுக் கட்டலாம். காசைத் தின்னுறது தகடுதான். அந்த வண்டிக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். மேல கூரையும் இல்லாததால கதவுக்குக் கீழ நீளமா ஓடுற சில்தான் மொத்த பாரத்தையும் தாங்குது. அது ஒரே தகடு இல்ல: வெளித் தகடு, நடுத் தகடு, உள் தகடுன்னு மூணு அடுக்கு, அடியில காசில் ரெயில்னு ஒரு பட்டை. முன் சக்கரத்துக்குப் பின்னாடி ஃபெண்டருக்குள்ள சேறு தங்கி, அங்கிருந்து உள்ளுக்குள்ளேயே அரிச்சுக்கிட்டு வரும். வெளிய பெயின்ட்ல ஒரு கொப்புளம் தெரியுறப்போ உள்ள நடுத் தகடு போயே போயிருக்கும்.

போனதும் செய்ய வேண்டியது: ரெண்டு கதவையும் சாத்திட்டு, கதவோட பின் ஓரத்துக்கும் பின் ஃபெண்டருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைப் பாருங்க. மேலயும் கீழயும் ஒரே அளவா இருக்கணும். மேல ஒட்டி, கீழ விரிஞ்சு இருந்தா வண்டி நடுவுல தொங்கிப் போச்சுன்னு அர்த்தம். அப்புறம் சில்லுல ஜாக்கி குடுக்குற இடத்துல மெதுவா தூக்குங்க. நொறுநொறுன்னு சத்தம் வந்தாலோ, கதவு இடைவெளி மாறினாலோ, இல்ல தூக்கின நிலையில கதவைத் திறந்து மூட முடியலைன்னாலோ அதோட கெளம்பிடுங்க.

அடியில படுத்துப் பாக்குறப்போ காசில் ரெயிலோட விளிம்பும் தண்ணி வடியுற ஓட்டைகளும் தனித்தனியா தெரியணும். வழவழன்னு ஒரே தகடா, புதுசா கருப்பு அண்டர்கோட்டிங் அடிச்சு இருந்தா, பழைய துருவுக்கு மேலயே புதுத் தகடை வெல்டு வச்சு மூடியிருக்காங்க. கையில ஒரு சின்னக் காந்தம், அதைச் சுத்தி மெல்லிசுத் துணி. முன் ஃபெண்டரோட கடைசி 15 சென்டிமீட்டர், பின் சக்கர வளைவுக்கு முன்னாடி இருக்கிற மூலை, சில்லு முழுக்க வச்சுப் பாருங்க. பட்டி தடிமனா இருக்கிற இடத்துல காந்தம் நிக்காது.

சீட்டுக்குப் பின்னாடி கார்ப்பெட்டைத் தூக்கினா பேட்டரி பெட்டி. 1974 வரைக்கும் வந்ததுல ரெண்டு 6 வோல்ட் பேட்டரி, பெட்டியும் ரெண்டு. ஆசிட் வடிஞ்சு அடி ஓட்டையாயிருக்கும். ஆனா இது விலை பேசத்தான், வண்டியைத் தள்ளுறதுக்கு இல்ல. கதவுல கண்ணாடி முக்கோணத்துக்குக் கீழ தகடு விரிசல் விடுறதும் அப்படித்தான்.

ரப்பர்பம்பர்

மணி அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் 12,000 டாலருக்குள் என்றால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: குரோம் பம்பர் வண்டிகளைத் துரத்த வேண்டாம். 1974 கடைசியிலிருந்து 1980 வரை வந்த கருப்பு ரப்பர் பம்பர் எம்ஜிபியை யாரும் மதிப்பதில்லை, அதனால் அதே பணத்துக்கு நல்ல தகடு கிடைக்கிறது. அமெரிக்கச் சட்டத்துக்காக உயரத்தை ஏற்றிவிட்டார்கள், வளைவில் கொஞ்சம் சாயும். ஸ்பிரிங் மாற்றினால் பெரும்பகுதி சரியாகிவிடும். 1975 முதல் அமெரிக்காவுக்கு வந்தவற்றில் இரட்டை எஸ்யூ கார்புரேட்டருக்குப் பதில் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க், அதனால் இழுவை குறைவு. கலிஃபோர்னியாவிலிருந்து வாங்கி அங்கேயே வைத்துக்கொள்ளும் நண்பர்கள் கவனிக்க: 1975 மாடல் வரை புகைச் சோதனை விலக்கு. 1976 முதல் ஏர் பம்ப் உட்பட எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலையில் ஆர்பிஎம்மைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பாருங்கள். நான்காவது கியரில் சுவிட்சைத் தட்டியதும் ஆர்பிஎம் தெளிவாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பெரும்பாலும் ஒயரிங், சோலனாய்டு, அல்லது கியர்பாக்ஸ் ஆயில் குறைவு. விற்பவர் "ஓவர்டிரைவே போய்விட்டது" என்று விலையைக் குறைத்தால் அது உங்களுக்கு லாபம்.

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் சக்கர பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின். கிங்பின்னுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும், பாதிப் பேர் அடிப்பதே இல்லை. கம்பிச் சக்கரம் என்றால் அதே பிரேக்கைப் பிடித்தபடி சக்கரத்தை முன்னும் பின்னும் சுழற்றிப் பாருங்கள். 'டக்' என்று தட்டினால் சக்கரத்தை ஹப்போடு பிணைக்கும் பல்வரிசையான ஸ்ப்ளைன் தேய்ந்திருக்கிறது, ஹப்பும் சக்கரமும் சேர்த்து மாற்ற வேண்டும்.

நான்குசிலிண்டர்

944 பற்றி நான் சொல்கிறேன். எம்ஜிபியில் தகடு எப்படியோ, இதில் ரசீது அப்படி. பாடி துத்தநாகம் பூசியது, துரு பெரிய கவலை இல்லை. பேட்டரித் தட்டு மட்டும் அரித்துப்போய், பயணி காலடியில் தண்ணீர் இறங்கும். கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள், ஈரம் கூடாது.

என்ஜினில் இரண்டு பெல்ட்: ஒன்று டைமிங், மற்றொன்று அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கு. டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை அடித்து வளைத்துவிடும், ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். 30,000 மைல் அல்லது 4 ஆண்டு, இதில் எது முந்துகிறதோ அப்போது மாற்றுவதுதான் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. வாட்டர் பம்பும் அதே டைமிங் பெல்ட்டில்தான் சுற்றுகிறது. அதனால் பெல்ட், ரோலர்கள், வாட்டர் பம்ப், முன்பக்க ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்ய வேண்டும். சீலை விட்டுவிட்டால் வடிகிற ஆயில் புதுப் பெல்ட்டைக் கெடுக்கும். 1987-க்கு முந்திய வண்டிகளில் டென்ஷனர் கையால் சரிசெய்வது. புதுப் பெல்ட் போட்டு ஏறக்குறைய 2,000 மைல் ஓடியபின் மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும். அதைச் செய்ததற்கும் ரசீது கேளுங்கள்.

"பெல்ட் மாற்றியாச்சு" என்று வாயால் சொன்னால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். ஓடோமீட்டரையும் நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் பொடிந்து எண் நின்றுபோவது இந்த மாடலில் சகஜம். ஓட்டிப் பார்க்கும்போது எண் நகர்கிறதா என்று பார்த்தால் போதும்.

அடுத்தது கிளட்ச். கியர்பாக்ஸ் பின்னால், கிளட்ச் முன்னால், நடுவில் இரண்டையும் இணைக்கும் குழாயான டார்க் டியூப். கிளட்ச்சைத் தொட வேண்டுமானால் எக்ஸாஸ்ட், கியர்பாக்ஸ், டார்க் டியூப் எல்லாவற்றையும் பின்னால் நகர்த்த வேண்டும். பாகத்தைவிடக் கூலி அதிகம். தொழிற்சாலை டிஸ்க்கின் நடுவில் ரப்பர் இருக்கிறது, அது காலப்போக்கில் கிழியும். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு உடனே மிதித்துப் பாருங்கள். 'தொம்' என்று அடித்தால் ரப்பர் முடிந்துபோய்விட்டது. மாற்றும்போது ஸ்பிரிங் வைத்த டிஸ்க் போடலாம்.

கூலண்ட் தொட்டியைத் திறந்து பாருங்கள். காபி நிறத்தில் குழைவாக ஏதாவது மிதந்தால் விற்பவர் ஹெட் கேஸ்கெட் என்று பயந்து விலையை இறக்கியிருப்பார். பல வண்டிகளில் அது பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் ஆயில் கூலரின் சீல் மட்டுமே. ஆனால் அது உறுதியாகும்வரை நீங்களும் ஹெட் கேஸ்கெட் விலையில்தான் பேச வேண்டும்.

டல்லாஸ் வெயிலில் இன்னொன்று: சூடான நாளில் திடீரென்று ஸ்டார்ட் ஆகாமல் போனால் முதலில் என்ஜின் கணினிக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் தரும் டிஎம்இ ரிலேயைப் பாருங்கள். உள்ளே சால்டரிங் விரிசல் விட்டிருக்கும். கையில் ஒரு ரிலே கொண்டுபோய் மாற்றிப் பார்த்தால் "ஓடாத வண்டி" விலையில் ஓடுகிற வண்டி கிடைக்கவும் வாய்ப்புண்டு. 16 வால்வு 944 எஸ் என்றால் கேம் செயின் டென்ஷனர் பேட் பொடிந்து ஹெட்டையே கெடுக்கும், அதையும் கேளுங்கள். டர்போ உங்கள் பட்ஜெட்டில் நல்ல நிலையில் கிடைக்காது, விட்டுவிடுங்கள்.

ஓடுதளம்

இனி விமானத்துக்கு வரலாம். நான் ஏ அண்ட் பி, அதாவது விமான உடலுக்கும் என்ஜினுக்கும் உரிமம் பெற்ற மெக்கானிக். ஆண்டுச் சோதனையில் கையெழுத்திடும் ஐ.ஏ. அங்கீகாரமும் உண்டு. காரில் தகடு, ரசீது என்றார்கள். விமானத்தில் முதலில் பராமரிப்பை எல்லாம் எழுதிவைக்கும் லாக்புக். ஏர்ஃபிரேம், என்ஜின், புரொப்பெல்லர் மூன்றுக்கும் தனித்தனியாக, முதல் நாளிலிருந்து இருக்க வேண்டும். ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் பெட்ரோல் செலவழித்துப் போக வேண்டாம்.

படிக்கும்போது தேடவேண்டியவை: ஆண்டுக்கு ஒரு ஆனுவல் இன்ஸ்பெக்ஷன் விடாமல் வந்திருக்கிறதா? இரண்டு ஆனுவலுக்கு நடுவில் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது? அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ வெளியிடும் கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு (ஏர்வொர்தினஸ் டைரக்டிவ், நாங்கள் ஏ.டி. என்போம்) ஒவ்வொன்றும் எந்த முறையில், எந்தத் தேதியில், எத்தனை மணியில் செய்யப்பட்டது என்று கையெழுத்தோடு பட்டியல் இருக்கிறதா? திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய ஏ.டி. தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா? செஸ்னாவில் அப்படி ஒன்று சீட் ரெயில். துளை தேய்ந்தால் டேக்-ஆஃபில் சீட் பின்னால் சறுக்கும், விமானி கையில் பிடித்த யோக்கையும் (கட்டுப்பாட்டுப் பிடி) சேர்த்து இழுப்பார், மூக்கு மேலே போய் இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் ஸ்டால் ஆகும். அதனால்தான் 100 மணிக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள்.

அடுத்து, ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் எஃப்ஏஏ பதிவகத்திலிருந்து அந்த விமானத்தின் கோப்பு முழுவதையும் வாங்கிவிடுங்கள், கட்டணம் சொற்பம். அதில் பெரிய பழுதும் மாற்றமும் செய்த 337 படிவங்கள் இருக்கும். லாக்புக்கில் இல்லாத இறக்கை மாற்றம் 337-இல் இருந்தால் கேள்வி கேளுங்கள். விபத்துகளை விசாரிக்கும் அரசு அமைப்பான என்டிஎஸ்பி-யின் விபத்துப் பட்டியலில் பதிவெண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

நேரில் போனால் செஸ்னா 150-இல் முன் சக்கரத்துக்கு மேலே ஃபயர்வால் தகட்டைப் பாருங்கள். சுருக்கம் தெரிந்தால் மூக்குச் சக்கரத்தில் பலமாக இறங்கியிருக்கிறார்கள். பயிற்சிப் பள்ளிகளில் வாழ்ந்த விமானம் இது, அடி வாங்காதது அபூர்வம். நன்றாகச் சரிசெய்து எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. வால்பகுதிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பல செஸ்னாக்களுக்கு உள்பக்கம் பிரைமரே அடிக்கவில்லை. வெள்ளைப் பொடி பூத்து, தகடு இதழ் இதழாகக் கிளம்பினால் ஒதுக்கிவிடுங்கள். கடலோரத்தில் வெளியே கட்டிப்போட்ட விமானம் என்றால் இதை இரண்டு தடவை பாருங்கள். செரோக்கியில் இறக்கையின் எரிபொருள் தொட்டியை ஸ்க்ரூ கழற்றி எடுக்கலாம். அதன் பின்னால் இருக்கும் ஸ்பாரில் (இறக்கையின் பாரத்தைத் தாங்கும் உத்தரம்) அரிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

பட்டறை_மணி

ஓடுதளம் சார், ஒரு சந்தேகம். விமானத்துல துருவுன்னா பட்டி போட்டு மறைக்க வழி உண்டா?

ஓடுதளம்

பெயின்ட்டால் மறைக்கலாம், மணி அண்ணே. ரிவெட் தலையைச் சுற்றிப் பெயின்ட் உப்பியிருந்தாலும், ரிவெட்டிலிருந்து கருப்பாக வால் போலப் புகைக் கறை ஓடினாலும் கீழே அரிப்போ, தளர்ந்த ரிவெட்டோ இருக்கிறது. விற்பதற்கு முன் புதுப் பெயின்ட் அடித்த பழைய விமானத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். கண்ட்ரோல் சர்ஃபேசுக்குப் பெயின்ட் அடித்தபின் பேலன்ஸ் பார்த்ததாக லாக்கில் எழுதியிருக்க வேண்டும்.

டல்லாஸ்வாசி

மிக்க நன்றி. ஒரு விளம்பரம் பிடித்திருக்கிறது. 1967 செரோக்கி 140, லைகாமிங் ஓ-320, 150 குதிரைத்திறன். ஓவர்ஹாலுக்குப் பின், அதாவது என்ஜினை முழுக்கப் பிரித்துக் கட்டியபின், 420 மணிதான் ஓடியிருக்கிறது. ஓவர்ஹால் நடந்தது 1996. கடந்த ஆறு ஆண்டில் மொத்தம் 30 மணி. கேட்கும் விலை 41,000. ஓவர்ஹாலுக்கு இடைவெளி 2,000 மணி என்கிறார்கள், அப்படியானால் இன்னும் 1,580 மணி பாக்கி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஓடுதளம்

கூடாது. விளம்பரத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

லைகாமிங் 2,000 மணி என்று மட்டும் சொல்லவில்லை, 12 ஆண்டு என்றும் சொல்கிறது. வாடகைக்கு விடாத சொந்த விமானத்துக்கு அது கட்டாயம் இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் காரணம் உண்மையானது. இந்த என்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் கிராங்குக்கு மேலே இருக்கிறது. நிறுத்தி வைத்தால் சில நாளில் ஆயில் எல்லாம் கீழே வடிந்து, கேம் லோப், அதாவது வால்வைத் தள்ளும் மேடு, வெறும் உலோகமாக நிற்கும். எரிபொருள் எரிந்ததில் வந்த ஈரமும் அமிலமும் உள்ளேயே இருக்கும். லோப்பிலும், அது தள்ளும் டேப்பெட்டின் முகத்திலும் ஊசிமுனை அளவு துருப்புள்ளி விழும். மறுபடி ஓட்டும்போது அந்தப் புள்ளியிலிருந்து உலோகம் உரிய ஆரம்பிக்கும். உரிந்த தூள் ஆயிலோடு போய் பேரிங் எல்லாவற்றையும் தேய்க்கும். லோப் தேய்ந்தால் வால்வு முழுதாகத் திறக்காது, சக்தி குறையும். கேம்ஷாஃப்டை மாற்ற கிராங்க்கேசை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அவ்வளவு தூரம் போனால் ஏறக்குறைய ஓவர்ஹால்தான்.

ஆறு ஆண்டில் 30 மணி என்றால் ஆண்டுக்கு ஐந்து. "வாரம் ஒருமுறை தரையிலேயே ஸ்டார்ட் செய்து வைப்போம்" என்று விற்பவர் சொன்னால் இன்னும் மோசம். தரையில் ஓட்டினால் ஆயில் போதுமான சூடு ஏறாது, ஈரம் ஆவியாகாமல் கூடிக்கொண்டே போகும். ஆயில் 180 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டி, ஒரு மணி நேரமாவது பறந்தால்தான் பயன்.

சோதிக்கும் வழி: ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்பை வெளிச்சத்தில் பாருங்கள். ஃபில்டர் இல்லாத பழைய அமைப்பென்றால் ஸ்கிரீனைக் கழற்றிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பு இருந்தால் கேமோ டேப்பெட்டோ உரிகிறது. வால்வு கவரைக் கழற்றி டயல் இண்டிகேட்டரால் ஒவ்வொரு வால்வும் எவ்வளவு தூக்குகிறது என்று அளந்து, ஒன்றோடொன்று ஒப்பிடலாம். சந்தேகம் மிஞ்சினால் ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேமை நேரிலேயே பார்க்கலாம், விற்பவர் சம்மதித்தால்.

கம்ப்ரெஷன் சோதனை இந்தக் குறையைக் காட்டாது. 80-க்கு 76 என்று நான்கு சிலிண்டரும் காட்டிக்கொண்டே கேம் உரிந்துகொண்டிருக்கும். கம்ப்ரெஷன் வேறு விஷயத்துக்கு: சூடான என்ஜினில் 80 பிஎஸ்ஐ காற்றை விட்டு, எங்கே சீறுகிறது என்று காது கொடுங்கள். எக்ஸாஸ்ட் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கிராங்க்கேசின் காற்றுக் குழாயான பிரீதரில் சீறினால் பிஸ்டன் ரிங். லைகாமிங்கில் 60-க்குக் கீழ் போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 15-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ ஆராய வேண்டும். போரஸ்கோப் என்ற குட்டிக் கேமராவை உள்ளே விட்டு வால்வு முகத்தைப் பார்ப்பது இதைவிட நம்பகமானது. ஒரே ஓரத்தில் நிறம் மாறியிருந்தால் அந்த இடத்தில் வால்வு கசிகிறது.

என் கருத்து: 1,600 மணி ஆகி வாரந்தோறும் பறக்கிற என்ஜின், இந்த 420 மணி என்ஜினைவிட நல்லது.

வான்கணக்கு

ஓடுதளம் சார் சொன்ன கடைசி வரியைப் பண விஷயத்தில் கொஞ்சம் திருத்த விரும்புகிறேன். 1,600 மணி என்ஜின் ஆரோக்கியமாக இருக்கலாம், ஆனால் மறுபடி விற்கும்போது சந்தை அதை முடிந்துபோன என்ஜினாகத்தான் மதிக்கும். அதனால் இரண்டிலுமே என்ஜினுக்குப் பூஜ்ய மதிப்பு போட்டு விலை கேளுங்கள். ஓவர்ஹாலுக்கு 30,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் 2,000 மணிக்கு மணிக்கு 15 டாலர். பங்குதாரர்கள் இருவரும் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் அதைத் தனிக் கணக்கில் போட வேண்டும், முதல் நாளிலிருந்தே. மைத்துனர் என்றாலும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்: ஒருவர் விலகினால் பங்குக்கு விலை எப்படி நிர்ணயிப்பது, ஓவர்ஹால் வந்தால் யார் எவ்வளவு.

கடன் நிலுவை பார்ப்பதை விடாதீர்கள். முப்பது ஆண்டுக்கு முன் யாரோ வங்கியில் வாங்கிக் கட்டி முடித்த கடன், விடுவிப்புக் கடிதம் பதிவாகாததால் இன்னும் கோப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். டைட்டில் தேடல் செய்யும் நிறுவனம் அதைக் கண்டுபிடிக்கும். விற்பவர் அதைத் தீர்த்த பிறகுதான் பணம், அதுவும் எஸ்க்ரோ, அதாவது பணத்தை வைத்திருக்கும் மூன்றாம் தரப்பு, வழியாக.

விமானம் எங்கே இருக்கிறது என்று தானாகவே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி அவுட் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். 2020 ஜனவரி 1 முதல் பெரிய விமான நிலையங்களைச் சுற்றி அது இல்லாமல் பறக்க முடியாது. டல்லாஸில் இருந்துகொண்டு அது இல்லாத விமானம் வாங்கினால் பொருத்தும் செலவைக் கையோடு கழித்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ் விலைப்புள்ளியை வாங்குவதற்கு முன்பே எடுங்கள். ஹேங்கருக்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கும், அதில் இன்றே பெயர் கொடுங்கள்.

செஸ்னா 150 என்றால் எடையையும் பாருங்கள். மொத்தம் 1,600 பவுண்டு. வெற்று எடை 1,100 என்று வந்தால் மிச்சம் 500. பயன்படும் எரிபொருள் 22.5 கேலனுக்கு 135 பவுண்டு போக 365, அதாவது இருவருக்கும் பைக்கும் சேர்த்து ஏறக்குறைய 165 கிலோ. அந்த விமானத்தின் சொந்த எடைத்தாளைக் கேளுங்கள், புத்தகத்தில் இருக்கும் எண்ணை அல்ல.

டல்லாஸ்வாசி

அந்தச் செரோக்கிக்காரர் "விற்பனையோடு புது ஆனுவல் செய்து தருகிறேன்" என்கிறார். அப்படியானால் வாங்குவதற்கு முன் தனியாக ப்ரீ-பை சோதனை தேவையா?

ஓடுதளம்

கட்டாயம் தேவை. அவருடைய மெக்கானிக் செய்யும் ஆனுவல் அவருக்கானது. அந்த விமானத்தை இதுவரை தொடாத ஒருவரை, செரோக்கி தெரிந்தவரை, நீங்கள் காசு கொடுத்து அமர்த்துங்கள். ப்ரீ-பை என்றால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எஃப்ஏஏ எதுவும் வரையறுக்கவில்லை, எனவே பட்டியலை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். முதலில் வாங்காமல் போகக் காரணமாகக் கூடியவை மட்டும்: லாக்புக், ஏ.டி., ஃபில்டர், போரஸ்கோப், ஸ்பார், தொட்டிக்குப் பின்பக்கம். அதில் ஏதாவது தவறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், மீதிக்கு ஏன் கூலி?

எல்லாம் தேறினால் அதையே தொடர்ந்து ஆனுவலாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் விற்பவரோடு எழுத்தில் பேசிவிடுங்கள். ஆனுவல் என்று தொடங்கிவிட்டால், கண்டுபிடித்த குறைகளின் பட்டியலைக் கையெழுத்திட்டு உரிமையாளரிடம் கொடுப்பது ஐ.ஏ.-யின் கடமை. அவற்றைச் சரிசெய்யும்வரை விமானம் பறக்க முடியாது, வேறிடத்துக்குக் கொண்டுபோக எஃப்ஏஏ அலுவலகத்தில் ஃபெர்ரி பெர்மிட் வாங்க வேண்டும். பழுதுக்கு யார் காசு என்ற சண்டை அங்கேதான் தொடங்கும். வானுக்குத் தகுதியாக்கும் பழுது விற்பவர் கணக்கு, மற்றவை வாங்குபவர் கணக்கு என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வதுதான் வழக்கம்.

சோதனை எந்த ஊரில் என்பதையும் நீங்கள் முடிவு செய்யுங்கள். அவருடைய விமான நிலையத்தில் உங்கள் ஆள் வந்து செய்தால் பயணச் செலவு மட்டும். உங்கள் ஊருக்குப் பறந்து வரச் சொன்னால் எரிபொருளும் திரும்பும் செலவும் உங்களுடையது, ஆனால் வரும் வழியில் ஆயில் நன்றாகச் சூடேறிவிடும். இறங்கியவுடன் கம்ப்ரெஷன் பார்த்து, அந்த ஃபில்டரையே வெட்டலாம்.